தம்பி எழுதிய மூன்று பக்கம்

எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்குப் புது வெப்சைட் வேண்டும் என்று முதலில் சொன்னது நானும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டர் சொன்னார். நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய ஃபோன் நம்பர் இப்போது அவரிடம் இருக்கிறது. எங்கள் வெப்சைட்டிலோ இன்னும் அந்த நம்பர்தான் இருந்தது. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மனிதர் நேரிலேயே வந்து நின்றார்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் நாலு பேர் ஃபோன் பண்ணி, ரிவர்ஸ் எடுக்கக் கத்துத் தருவீங்களான்னு கேட்டாங்க. நான் பூனைக்குத் தையல் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் என் பழைய மாணவர். ஏழாவது தடவை டெஸ்டில் தேறிய சந்தோஷத்தில் அன்பளிப்பாகச் செய்துகொடுத்தார். பிறகு எங்கேயோ வேலைக்குப் போய்விட்டார். அதைத் திறந்தால் நாங்கள் விற்றுவிட்ட சிவப்புக் கார் இன்னும் பளபளவென்று நிற்கும். வரைபடத்தை நம்பி வருகிறவர்கள் ஒரு சலவைக் கடையின் பின்வாசலில் போய் நிற்பார்கள். அதைத் திருத்தும் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பள்ளி விடுமுறை தொடங்க இரண்டு மாதம் இருந்தது. எங்களுக்கு ஆட்கள் வந்து குவிவது அந்த விடுமுறையில்தான். அதற்குள் புது வெப்சைட் வந்தாக வேண்டும்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பயந்தவர்கள். வேறு எங்காவது போய் ஏச்சு வாங்கி, ஸ்டியரிங்கைக் கண்டாலே கை நடுங்குகிறவர்கள். ஐம்பது வயதுப் பல் டாக்டர் ஒருத்தர் முதல் ரவுண்டானாவிலேயே காரை நிறுத்திவிட்டு அழுதார். நான் பாடம் எடுக்கும்போது மாணவர்களிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. என் கோபம் முழுவதும் வீட்டு மனிதர்களுக்கென்றே ஒதுக்கி வைத்தது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

புது வெப்சைட் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வந்தது. அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தம்பி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்; அவன் நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து வெப்சைட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. புது வெப்சைட் செய்ய ஆள் தேடுகிறோம் என்று நான் சொல்லி முடித்தேன். என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி தட்டைப் பார்த்தான். நான் தண்ணீர் ஜாடியைப் பார்த்தேன்.

"எப்படிச் செய்வோம்னு எழுதி நாங்களும் ஒரு புரபோசல் அனுப்பறோம்க்கா" என்றான் தம்பி.

"கண்டிப்பா அனுப்புடா. நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றேன். பச்சைப் பொய். அவன் அனுப்பாமல் இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பி என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஸ்கூலிலேயே ஒரு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தான். எனக்குத்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அவன் பாடம் எடுக்கும்போது நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் ஒரு சந்திப்பில், அவன் மாணவியிடம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் பின்னாலிருந்து "பிரேக்!" என்று அலறினேன். அந்தப் பெண் பயத்தில் நடுரோட்டில் பிரேக்கை மிதிக்க, பின்னால் வந்த வேன் எங்கள் கார்மேல் மோதியது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்த ரோட்டிலேயே, அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே, நானும் அவனும் போட்ட சண்டை இருக்கிறதே. அவன் கார்ச் சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்து போனான். அதற்குப் பிறகு பதினாலு மாதம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தபோது, கண் விழித்தால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். எனக்கு இன்னும் எதுவும் சாப்பிட அனுமதியில்லை என்று நர்ஸ் சொன்னதும் அவனே உட்கார்ந்து மொத்தத்தையும் சாப்பிட்டான். மன்னிப்பு என்று யாரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவி குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வருவான். சாப்பிடுவோம், சீட்டு விளையாடுவோம், அவன் ஏமாற்றுவான். எனக்கு வாரத்தில் அதுதான் ஒரே நல்ல நாள். அந்த நாளை மறுபடி இழந்துவிடுவேனோ என்பதுதான் என் பயம் எல்லாம். வேலையை அவனுக்குக் கொடுத்தால் நான் பின்சீட்டில் ஏறி உட்காராமல் இருக்க மாட்டேன். அது எனக்கே தெரியும். கொடுக்காவிட்டால், சொந்த அக்காவே நம்பவில்லை என்று அவன் மனசு ஒடிந்துவிடும்.

போதாக்குறைக்கு அம்மா. ஊரின் அந்தக் கோடியில் தனியாக இருக்கிறாள், ஆனால் செய்தி அவளுக்கு எங்களுக்கு முன்னாலேயே போய்விடும். மறுநாள் காலையிலேயே ஃபோன்.

"வெப்சைட்டு வேலையைத் தம்பிக்கே குடுத்துடும்மா. வெளியாளுக்குக் குடுத்தா அவன் என்ன நினைப்பான்?"

"பாக்கறேம்மா."

"பாக்கறது என்ன, குடுத்துடு."

என் வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். "மூணு இடத்துல கேப்போம். மூணு பேரும் எழுதித் தரட்டும். எது நல்லா இருக்கோ அது. அப்ப யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது." அவர் சொன்னால் எல்லாமே சுலபமாகத்தான் இருக்கும்.

முதல் கம்பெனி பெரியது. கண்ணாடிக் கதவு, நுழைந்ததும் ஒரு செயற்கைப் புல்வெளி, பேசிய இளைஞருக்குச் சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லை. எங்களுக்கென்று முன்கூட்டியே செய்து வைத்திருந்ததைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். ஒரு கார் புகையைக் கிளப்பிக்கொண்டு வளைவில் சீறிப் பாய்ந்தது. பின்னணியில் டமடமவென்று இசை. எனக்கே இருக்கைக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எங்ககிட்ட வர்றவங்க இதைப் பாத்தா பஸ்ஸுல போயிக்கறேன்னு சொல்லிடுவாங்க" என்றேன்.

"பஸ் படமும் போடலாம் மேடம்" என்றார் அவர். என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

இரண்டாவது, தனியாக வேலை செய்யும் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். அவரே எங்கள் ஆபீசுக்கு வந்தார், அதுவும் பஸ்ஸில். சுவரில் மாட்டியிருந்த சாலைக் குறியீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, ஒரு பாடத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். அன்றைக்கு வந்திருந்தவர் ஓய்வுபெற்ற பாங்க் ஊழியர், கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்பவர். முக்கால் மணி நேரம் அந்த அம்மாள் வாயையே திறக்கவில்லை, நோட்டில் மட்டும் ஏதோ எழுதினார். பின்சீட்டில் அப்படியும் உட்கார முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இறங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முதல் தடவை ஃபோன் பண்றவங்க முதல்ல என்ன கேக்கறாங்க?"

நான் யோசித்தேன். "கத்துவீங்களான்னு கேப்பாங்க."

நாலு நாளில் அவருடைய புரபோசல் வந்தது. வெப்சைட்டின் முதல் வரி என்று ஒன்றை எழுதியிருந்தார்: 'நாங்கள் கத்த மாட்டோம்.' அதற்குக் கீழே ஃபோன் நம்பர், பெரிய எழுத்தில். என் வீட்டுக்காரர் அந்த வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கார் கழுவப் போனார்.

என் மனசு அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் தம்பியுடையது வந்தது. மூன்று பக்கம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். முதல் ஆறு வாரம் எங்கள் ஸ்கூலின் 'ஆன்மாவைப் புரிந்துகொள்வதற்கு' மட்டும் என்று இருந்தது. வேலை முடியும் தேதி, விடுமுறை முடிந்து ஒரு மாதம் கழித்து. வெப்சைட்டின் நிறம் கறுப்பு, அது மாற்றத்துக்கு உட்பட்டதல்ல. வாடிக்கையாளர் ஃபோனில் அழைக்கக் கூடாது. கேள்விகளை ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்பினால் பத்து வேலை நாட்களுக்குள் பதில் வரும். திருத்தம் இரண்டே இரண்டு தடவை. உரிமையாளரின் படம் எந்தப் பக்கத்திலும் இடம்பெறாது.

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பாவமாக இருந்தது. ஐயோ, இந்தப் பிள்ளைக்கு ஒரு புரபோசல்கூட எழுதத் தெரியவில்லையே, இதைப் படித்து யார் இவனுக்கு வேலை கொடுப்பார்கள், நாமும் கொடுக்காவிட்டால் இவன் கதி என்ன என்று புலம்பினேன். எங்கள் வீட்டுப் புத்தி அப்படி. ஒரு வேலைக்கு யார் ஏற்றவர் என்று பார்ப்பதைவிட, யார் பாவம் என்று பார்ப்போம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு ஃபோன் போட்டேன். "டேய், உன்னோடதைப் படிச்சேன். உனக்கே தர்றதா முடிவு பண்ணிட்டேன்."

"மூணு பக்கத்தையும் படிச்சியாக்கா?" என்றான்.

"ஒரு வரி விடாம."

"அந்தக் கறுப்பு?"

"பரவாயில்லடா, பழகிக்கலாம்."

"ம். சரிக்கா. சந்தோஷம்" என்றான். டெஸ்டுக்குத் தேதி குறித்த செய்தியைக் கேட்ட மாணவனின் குரல் அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. வயிற்று வலி என்று அவன் மனைவி செய்தி அனுப்பினாள். நான் எல்லாருக்கும் சமைத்ததை அப்படியே மூடி வைத்தேன். சீட்டுக்கட்டை எடுத்த என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப டிராயரில் போட்டார். இன்னும் வேலையே தொடங்கவில்லை, அதற்குள்ளேயே ஒரு ஞாயிறு போய்விட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதல் பாடத்தை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுத் தம்பியின் ஆபீசுக்குப் போனேன். ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே அறை, மூன்று மேஜை, ஜன்னலோரம் வாடிப்போன ஒரு செடி. தம்பி இல்லை. அவனுடைய கூட்டாளிப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். நாங்கள் அதுவரை பார்த்துக்கொண்டதில்லை. என்னை வேலை கொடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டாள்.

"உட்காருங்க மேடம். அவர் பிரிண்ட் எடுக்கப் போயிருக்கார், இப்ப வந்துடுவார். அதுவரைக்கும் எங்க வேலை எப்படி இருக்கும்னு பாருங்க" என்று ஒரு ஃபைலை என் கையில் கொடுத்தாள்.

ஒரு கண் மருத்துவமனைக்கு எழுதிய புரபோசல். ஒன்றரைப் பக்கம். கீழே தம்பியின் பெயர். நாலு வாரத்தில் வேலை முடியும். உங்கள் நோயாளிகளுக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஃபோன் செய்யலாம், நான்தான் எடுப்பேன். பாஸ்வேர்டு எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கும். எங்களைப் பிடிக்காவிட்டால் நாளைக்கே வேறு ஆளிடம் போகலாம். பூசி மெழுகாமல், படிக்கிறவருக்குப் புரிகிற மாதிரி, அவ்வளவு அழகாக எழுதியிருந்தான். அடுத்தது ஒரு நடனப் பள்ளிக்கு எழுதியது. அதுவும் அப்படியே.

என் தம்பி இந்த வேலையில் கெட்டிக்காரன் என்ற பெருமை ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடி சுருக்கென்று வேறொன்று தைத்தது. ஊரில் யாரோ கண் டாக்டருக்கு இப்படி, சொந்த அக்காவுக்கு அப்படியா?

தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்தான். என் கையில் இருந்த ஃபைலைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று. நான் எழுந்து வெளியே மாடிப்படிக்குப் போனேன். அவனும் பின்னால் வந்தான்.

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் இவ்வளவு நல்லா எழுதறே. எனக்கு மட்டும் ஏன்டா அப்படி? அந்தச் சண்டையை இன்னும் மனசுலயே வச்சிருக்கியா?" கோபப்படத்தான் நினைத்தேன், வந்தது அழுகை.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "நீ வேணாம்னு சொல்லுவேன்னு நினைச்சேன்க்கா."

"என்னது?"

"ரெண்டு நாள் உக்காந்து எழுதினேன். மூளை உள்ளவங்க யாரும் இதுக்குச் சரின்னு சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் அனுப்பினேன். கறுப்பு வேற போட்டேன். உன் படம் கூடாதுன்னு போட்டேன். அதுக்காவது நீ கத்துவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா பழகிக்கலாம்ங்கறே!"

"அப்ப எனக்கு மூளை இல்லைங்கறியா?"

"பாசம் ஜாஸ்திங்கறேன். சில சமயம் ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "உனக்கு இந்த வேலை வேணாமா?"

"வேணாம்க்கா." அவன் கைகளைப் பிசைந்துகொண்டான். "நீ சொன்னப்ப நாங்க செய்யறோம்னு சொல்லலேன்னா நல்லா இருக்காதேன்னு சொல்லிட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போயி யோசிச்சேன். பத்தாவது நாள் நீ ஃபோன் பண்ணி அந்த பட்டன் ஏன் அங்க இருக்குன்னு கேப்பே. நான் எதிர்த்துப் பேசுவேன். அப்புறம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பதினாலு மாசமும் உன் நம்பரை எடுத்து எடுத்து வச்சிருக்கேன். ஒரு தடவை ரிங் போயி நீ எடுக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். மறுபடி அதை என்னால தாங்க முடியாதுக்கா. நேத்து வயித்து வலி பொய்யில்ல, நிஜமாவே வலிச்சுது."

நான் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எங்கேயும் உட்கார்ந்ததில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றேன். "உனக்குத் தர்றதுக்கு எனக்குக் கொஞ்சம்கூட இஷ்டம் இல்ல."

அவன் தலையைத் தூக்கினான். "நிஜமாவா?"

"சத்தியமா. வேற ஒருத்தரைப் பிடிச்சுப்போச்சு. உனக்குக் குடுக்கலேன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னுதான் குடுத்தேன்."

அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே. வேலை இல்லை என்று சொன்னதற்கு ஒரு மனிதன் இப்படியா பூரித்துப்போவான்! அவன் சிரிக்க ஆரம்பித்தான், நானும் சிரித்தேன். கூட்டாளிப் பெண் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

"யாரு அவங்க? காட்டு" என்றான். ஃபோனில் அந்த அம்மாளின் புரபோசலைக் காட்டினேன். முதல் வரியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் மாதிரியே இருமினான். பிறகு ஒழுங்காக, நிதானமாக, கடைசிவரை படித்தான்.

"நல்லா பண்ணியிருக்காங்க. இதைவிட நல்லா நானே பண்ணியிருக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. வெப்சைட் பேரை உங்க பேர்ல பதிவு பண்ணணும், பாஸ்வேர்டு உன் கையில இருக்கணும். இல்லேன்னா பழையபடி பூனை டாக்டர் வந்து நிப்பார்."

அந்தப் படியிலிருந்தே அந்த அம்மாளுக்கு ஃபோன் செய்து வேலையைக் கொடுத்தேன். தம்பி சொன்னதையும் கேட்டேன். "அது உங்களுதுதானே, உங்ககிட்டதான் இருக்கும்" என்றார் அவர். விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்துத் தருவதாகச் சொன்னார்.

ஃபோனை வைத்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.

"அம்மா" என்றான் அவன்.

"நீயே சொல்லு. நான் சொன்னா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."

"நானா? அக்கா என்னை ஒதுக்கிட்டான்னு நினைச்சு அழ ஆரம்பிச்சா?"

கடைசியில் அவன்தான் நம்பரை அழுத்தினான், நான் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டான். அம்மா எடுத்ததும் மென்று முழுங்கினான். "அம்மா, நான் மட்டும்தான் பேசறேன். அந்த வெப்சைட் வேலை இருக்குல்ல, அக்கா அதை எனக்குத் தரல. வேற ஆளுக்குக் குடுத்துட்டா."

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"அப்பாடா" என்றாள் அம்மா.

அம்மா விடாமல் பேசினாள். "அவ குடுக்கலேன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு, நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம உனக்கே குடுன்னு அவகிட்ட சொல்லித் தொலைச்சேன். சொன்ன நாள்லேருந்து சோறு இறங்கல. மறுபடியும் நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, நான் யாரைச் சமாதானம் பண்றது, யார்கிட்ட போயி அழறது? எனக்கு இருக்கறதே ரெண்டு பேரு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "டேய், நான் இப்படிச் சொன்னேன்னு அக்காகிட்ட மூச்சு விட்டுடாதே. அவளுக்குத் தெரியவே வேணாம்."

"தெரியாதும்மா" என்றேன் நான்.